இரண்டு அவுன்ஸ்

"இன்னிக்கும் ரெண்டே அவுன்ஸ்தான்!"

சமையலறைக்குள்ளிருந்து மாமியார் பெலிசாவின் குரல் தீர்ப்பு மாதிரி வந்தது. சொய்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிமா நகர வேனில் விடியற்காலையிலிருந்து கதவைப் பிடித்துத் தொங்கியபடி, "அபாங்காய், அபாங்காய்!" என்று நிறுத்தத்தின் பெயரைக் கத்தி ஆள் ஏற்றும் கண்டக்டர் அவள். ப்ராவுக்குள் இரண்டு பக்கமும் பால் பம்ப். ஆடுகிற வேனில் அளவுக்கோடு எங்கே தெரிகிறது? கறந்ததை அப்படியே தெர்மாஸில் ஊற்றிக் கொண்டுவந்தால், இரண்டு அவுன்ஸாம்!

"நல்லாப் பாத்தீங்களா அத்தை?"

"மலையில இருபது வருஷம் மாடு கறந்தவடி நான். எனக்கா அளக்கத் தெரியாது? சனிக்கிழமைக்குள்ள நாலு அவுன்ஸ் வரலைன்னா புள்ளைக்கு டின் பால்தான். நீயும் வேலைய விட்டுட்டு வீட்ல கெட."

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை அது. விடுவாளா?

மறுநாள் பம்பை முழு வேகத்தில் வைத்தாள். உயிர் போய் வந்தது. நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் "ஐயோ!" என்று அலறினாள். டிரைவர் வில்மெர் பிரேக்கை மிதித்தார். பின்சீட்டுக்காரர்கள் முன்சீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"யாரு அடிபட்டா?"

"நான்தான்! நீங்க ஓட்டுங்கண்ணே!"

அடுத்து, பால் ஊறுமென்று யாரோ சொன்னதால் கோழி சூப்பும், தெருவண்டிப் பார்லிக் கஷாயம் மூன்று டம்ளரும் குடித்தாள். பால் ஊறியதோ இல்லையோ, பெட்ரோல் பங்கைக் கண்டால் இறங்கி ஓட வேண்டியதாயிற்று. பின்னால் வந்த வேன்காரன் இவர்களுடைய பயணிகளை அள்ளிக்கொண்டு போனான். அன்று மாலை அளவு ஒன்றரை.

இது போதாதென்று அவள் தெருக்காரர்கள் வேறு. தெருவெங்கும் கண்வலி. செக்கச் செவேலென்ற கண்ணோடு ஏறியவர்களெல்லாம் அவளைப் பார்த்து உருகினார்கள்.

"மகராசியா இரும்மா!"

பரிதாபமாம்! பால் வற்றிப்போனதை மாமியார் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறாள் என்று சொய்லா பல்லைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்து நர்ஸ் பம்பைப் புரட்டிப் பார்த்தார்.

"புனல் உனக்குப் பெருசும்மா. காம்ப அளந்துல்ல வாங்கணும்? வால்வும் கிழிஞ்சிருக்கு. வேகத்தக் கொற, லேசா முன்னால சாஞ்சுக்க. முக்கியமா, கோவப்படாத. கோவத்துல பால் எறங்காது."

"அதுக்கு மாமியாரையில்ல மாத்தணும்?"

மாமியாரை விட்டுவிட்டு, புனலையும் வால்வையும் மாற்றினாள். சனிக்கிழமை காலை பால் இறங்குவது உடம்புக்கே தெரிந்தது. தெர்மாஸ் கனத்தது. மதியம் வேனைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிப்போய் மாமியாரிடம் நீட்டினாள். பெலிசா உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். ஒரு கையில் பால் பாட்டில், மறுகையில் பால் டின்.

"ஒரு அவுன்ஸ்."

அவள் கக்கத்திலிருந்த தெர்மாஸைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள் சொய்லா. ஓட்டையும் இல்லை, ஒழுகலும் இல்லை. அழுகையும் ஆத்திரமுமாக வேனுக்குத் திரும்பி, பம்பைக் கழற்றி ஜன்னல் வழியே எறியக் கையை ஓங்கினாள்.

"எறிஞ்சிராத தாயி!" முன்சீட்டிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார் தெருமுனை முடிவெட்டுக்காரர் எவரிஸ்தோ. அவர் கண் பளிச்சென்று இருந்தது. "நம்ம தெருவுக்கே கண்ணு தெளிஞ்சது அதாலதான். உங்க அத்தைதான் வீடு வீடா வந்து சொன்னாங்க, 'எம்மருமகளுக்குப் பால் ஆறா ஓடுது, கண்ணுல விட ஆளுக்கொரு கிண்ணத்தோட வாங்க'ன்னு!"