ஒப்பலின் சமையலறைச் சுவரும் என் நீளக் கைப்பிடியும்

அன்புள்ள லூவெல்லா அக்காவுக்கு, தம்பி வெண்டெல் தன் கையாலேயே எழுதுவது.

எழுத்து மேட்டிலும் பள்ளத்திலும் போவதற்கு மன்னித்துக்கொள். இந்த வயதில் நூலகத்துக்குப் போய் எழுதக் கற்றவன். இந்த ஒரு வரிக்கே காப்பி ஆறிவிட்டது. நீ சுகம்தானே? இங்கே ஆடுகள் சுகம், என் வீட்டுக்காரி ஒப்பல் சுகம், சுவர்தான் சுகமில்லை.

சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புவேனே, அந்த இரும்புப் பொறியால் வந்த வினை. வயோமிங் குளிரில் கொட்டகையில் அது துருப்பிடிக்கிறது, என் விரலும் மரத்துப்போகிறது என்று கெஞ்சி, இந்த வருடம்தான் அதைப் பின்னறைக்குக் கொண்டுவந்தேன்.

“வெண்டெல், என் சாமான்ல ஒரு கீறல் விழுந்தாலும் அது கொட்டகைக்குத் திரும்பிடும். நீயும் கூடவே போயிடு” என்றாள் ஒப்பல்.

எனக்குத்தான் படிக்க வந்துவிட்டதே, சும்மா இருப்பேனா? பொறிச் சாமான் விற்பவர்களின் புத்தகத்தை விரல் வைத்துப் படித்தேன். ‘நீளக் கைப்பிடி, பாதி உழைப்பு’ என்று போட்டிருந்தது. அதை வாங்குவானேன் என்று பழைய டிராக்டரின் இரும்புக் குழாயை அறுத்து, மரை வெட்டி, முனையில் லாரியின் கியர் குமிழைத் திருகி நானே ஒன்று செய்தேன். மேசை ஆடக் கூடாதென்று அதைப் பலகைச் சுவருக்குள் நிற்கும் மரக் கட்டையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினேன். அதே கட்டையின் மறுபக்கத்தில், சமையலறையில்தான், நீ எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த வான்கோழிப் படம் போட்ட தட்டுகளின் அலமாரி தொங்குகிறது என்பது நினைவிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒப்பல் சர்ச்சுக்குப் போனதும், பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டை வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டு, முதல் கூட்டை வைத்து இழுத்தேன். ஜோராக அச்சுக்குள் ஏறியது. இறங்கத்தான் இல்லை.

“கூட்டுக்கு எண்ணெய் தடவினியா?” என்றான் டெல்பர்ட்.

ஒருநாளும் மறக்காத எண்ணெய், அக்கா.

“கைப்பிடியைப் பத்தி வாசிச்சதுல விட்டுப்போச்சு.”

“படிக்கத் தெரியாதப்போ நீ நல்லாத்தானேப்பா இருந்தே.”

அந்த ரோஷத்தில் கைப்பிடிக்கு அடியில் தோளைக் கொடுத்து எக்கினேன். கூடு அசையவில்லை. மேசை எழுந்தது. மேசையோடு கட்டை வந்தது, கட்டையோடு சுவர்ப் பலகை வந்தது, அந்தப் பக்கம் அலமாரி போயே போய்விட்டது. ஓட்டை வழியே பார்த்தால், சர்ச்சிலிருந்து திரும்பிய ஒப்பல் சமையலறை வாசலில் தொப்பியோடு நிற்கிறாள். தரையெங்கும் தட்டுத் துண்டுகள், துண்டுக்குத் துண்டு வான்கோழிக் கால்கள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டெல்பர்ட் சாவு வீட்டில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றினான். எக்கிய தோள் எனக்கு இன்னும் வலிக்கிறது. எழுத்தின் கோணலில் பாதி அதனால்தான்.

பனிக்காலம் முழுக்க உன் தம்பி கொட்டகையில் கிடப்பதைப் பார்க்க உனக்கு மனம் வராது. அதே வான்கோழித் தட்டுகள் எங்கே கிடைத்தாலும் வாங்கி உடனே தபாலில் அனுப்பு.

உன் மூட்டுவலியை ஆண்டவர் குறைக்கட்டும். அத்தானை நான் விசாரித்ததாகச் சொல்.

வெண்டெல்

பி.கு.: பிழை பார்க்க இதை ஒப்பலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்றைக்குக் கதவைச் சாத்தியதும் சிரிக்கத்தானாம். “அந்த வான்கோழி மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இத்தனை வருஷம் சாப்பிட்டேன். லூவெல்லா மனசு நோகுமேன்னு வாய் திறக்கலை. பொறி அங்கேயே இருக்கட்டும். ஓட்டையையும் அடைக்காதே, காப்பி நீட்ட வசதியா இருக்கு. ஆனா இன்னொரு வான்கோழி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, உனக்குக் கொட்டகைதான்” என்கிறாள். ஆகவே அக்கா, தயவுசெய்து எதுவும் அனுப்பாதே. மேலே எழுதியதை அழித்திருக்கலாம். அத்தனை வரியும் நானே எழுதியது, மனம் வரவில்லை. கூடு இன்னும் அச்சிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. வந்ததா இல்லையா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.