ஃபுல்சைஸ் போட்ட அப்ளிகேஷன்

யானை வரையச் சொன்னால், முதலில் யானை நிற்கிற அளவுக்கு இடம் கேட்கும் ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் ஃபுல்சைஸ்தான். பெயர் வைத்தது நாமக்கல்லில் அவர் வேலை செய்த லாரி பாடி கட்டும் பட்டறை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். இரும்பை வெட்டுவதற்கு முன்னால், வண்டியின் கேபினை சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் நிஜ அளவில் வரைந்துவிடுவார்கள். வெட்டிய இரும்புச் சட்டத்தை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்துத்தான் வளைப்பார்கள். இருபது வருஷமாக அந்தக் கோடு போட்டவர் இவர். அதனால் எதையும் அதன் அளவைவிடக் குறைத்து வரைவது என்பது அவருக்குப் பொய்ச் சாட்சி சொல்வது மாதிரி.

பட்டறைக்குப் பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கடைக்கு ஒரு பீரோ வாங்கினால் இடம் பத்துமா என்று தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிட்டேன். மறுநாள் கடைத் தரையில் பீரோ இருந்தது, திறந்த கதவு உட்பட. இரண்டு வாரம் அதை ஒருவரும் மிதிக்கவில்லை. ஆதார் திருத்த வந்தவர்கள்கூட என்ன ஏதென்று கேட்காமல் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். கடைசியில் நான் பீரோவே வாங்கவில்லை. ஏற்கெனவே ஒன்று இருப்பது போல ஆகிவிட்டது.

இப்பேர்ப்பட்டவர், மகளின் வருமானச் சான்றுக்காக வந்து உட்கார்ந்த இடத்தில், என் கம்ப்யூட்டரில் ஒரு அறிவிப்பைப் பார்த்துவிட்டார். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். ஓவியப் பட்டப்படிப்பு. பிளஸ் டூ போதும், வயது வரம்பு இல்லை.

"ஏனுங்கண்ணா, அப்ப நாப்பத்திரண்டு வயசுக்காரனும் போடலாமுங்களா?"

"தாராளமா. யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் மனைவி மல்லிகாவிடம் கேட்டுவிட்டு, மறுநாள் வந்து நின்றார்.

"ஒரே ஒருக்கா போட்டுக்கச் சொல்லிருச்சுங்க. கெடைக்கலீன்னா இந்தப் பேச்சையே இனி ஊட்டுக்குள்ள எடுக்கப்படாதாம்."

மல்லிகாவைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் கோலம் போட இடமில்லாமல் எருமை படுத்திருக்கும் வீட்டில், அதுவும் சாக்பீஸ் எருமை, பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர்.

விண்ணப்பத்தோடு பத்து ஓவியங்களை அனுப்ப வேண்டும். அவருடைய ஓவியங்களோ பட்டறைத் தரையில் கிடந்தன. ஒரு கேபின், இன்னொரு எருமை, குலைகளோடு இளநீர்க்காரரின் மொபெட், இப்படி. பாதி கட்டிய கண்டெய்னர் மேல் ஏறி செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினேன். அவருக்கு முகமே வாடிவிட்டது.

"என்னங்கண்ணா, எருமைய எலியாட்டம் எடுத்து வெச்சிருக்கீங்க? பாக்கறவிங்களுக்கு அளவு தெரிய வேண்டாமுங்களா? நீங்க பக்கத்துல படுங்க."

படுத்தேன். அவர் மேலே ஏறிப் படம் எடுத்தார். பத்து ஓவியத்துக்கும் படுத்தேன். எருமையின் முதுகோரம் லுங்கியோடு ஒரு ஆள், மொபெட் சக்கரத்தில் தலை வைத்தபடி அதே ஆள் என்று விபத்து வழக்குக் கோப்பு மாதிரிதான் அந்த விண்ணப்பம் போனது. ஃபைல் ரெண்டு எம்.பி.யைத் தாண்டக் கூடாதென்று நான் படங்களைச் சுருக்கியபோது, பார்க்கச் சகிக்காமல் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

எப்படியோ நுழைவுத் தேர்வுக்கு அழைத்துவிட்டார்கள். ஹால் டிக்கெட், பென்சில், மல்லிகா கட்டிக்கொடுத்த தக்காளிச் சோறு சகிதம் நானே கூட்டிப்போனேன். உள்ளே ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்து, அவரை வரையச் சொன்னார்களாம். மகள் வயதுப் பிள்ளைகளெல்லாம் வந்த பிறகு, கடைசியாக வெளியே வந்தார்.

"நல்லா வரைஞ்சீங்களா?"

"வரைஞ்சனுங்கண்ணா. காலு."

"காலா?"

"எடது காலு. முட்டிக்குக் கீழ வரைக்கும் வந்துச்சுங்க. அதுக்குள்ள தாள் தீந்துபோச்சு. இன்னும் எட்டுத் தாள் கேட்டனுங்க, ஒண்ணுதான்னுட்டாங்க."

"ஏனுங்க, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மனுசனக் கொஞ்சம் சின்னதா வரைஞ்சா கொறஞ்சா போயிருவீங்க?" நடுரோட்டில் நின்று கத்தினேன். அந்தச் சீட்டு அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்ததால் வந்த கோபம் அது. மல்லிகாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

பஸ் ராசிபுரம் தாண்டியதும் அவராகவே மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தப் பெரியவருக்குக் காலு வீங்கியிருந்துச்சுங்கண்ணா. செருப்பு வாரு பதிஞ்சு குழியாட்டம் கெடந்துச்சு. பாவம், மூணு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தாரு. சின்னதா வரைஞ்சா அது எப்படீங்க தெரியும்?"

தக்காளிச் சோற்றைப் பிரித்துப் பாதி அவருக்குக் கொடுத்தேன்.

முடிவு வெளியான அன்று கடைக்கு வந்தது மல்லிகா. "அவரு கண்டெய்னருக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கறாருங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணா." ஆறுதல் சொல்ல வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டே தேர்வானவர்கள் பட்டியலைத் திறந்தேன். பாதிக்கும் கீழே இறங்கியபோது அவர் பெயர் இருந்தது. படித்தேன்.

"இன்னொருக்கா படிங்க" என்றார் மல்லிகா. அப்பா பெயர், விண்ணப்ப எண் எல்லாம் சேர்த்து இன்னொரு முறை படித்தேன்.

வாசலில் விட்ட செருப்பைக்கூட மாட்டாமல் பட்டறைக்கு ஓடினார் மல்லிகா. கடையில் வேறு யாரும் இல்லை. நான் அந்தப் பெயரை மூன்றாவது முறையாக, சத்தமாகப் படித்தேன்.