அக்கா முட்டிக்கு ஒரு சீர்த்தட்டு

எதையும் முழுசாகக் கேட்கும் பொறுமை எனக்குக் கிடையாது. பஸ் நிற்பதற்குள் இறங்குவேன், இட்லி வேகுமுன் மூடியைத் திறப்பேன். வீடியோ என்றால் பாதிதான். அப்படி ஒரு பாதி வீடியோதான் என்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுக்க வைத்தது.

என் அக்கா குத்தாலத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் பார்க்கிறாள். முட்டியில் எலும்புத் தேய்மானம். வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டும்.

"நடவு வருதுடா. வரப்புல நடக்க முடியாட்டி நெலத்த விட்டுற வேண்டியதுதான்" என்று போனில் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து, முட்டியில் ஊசி போடுகிறார்கள். யாருடைய வயிறு என்று சொல்வதற்குள் நான் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

"கவலைய விடுக்கா. கொழுப்பு எங்கிட்ட இருக்கு!"

(இருந்தது. கும்பகோணத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மூட்டை தூக்குவது ஆட்கள், உட்கார்ந்திருப்பது நான்.)

ரத்தம் கொடுக்கிறார்கள், கிட்னி கொடுக்கிறார்கள், கொழுப்புக்கு என்ன வந்தது? கொடுப்பதைத் தரமாகக் கொடுக்க வேண்டாமா? திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வரவழைத்து, நெய் சொட்டச் சொட்டத் தின்றேன்.

"ஏங்க, போதுங்க" என்றாள் மனைவி.

"எனக்கா திங்கிறேன்? அக்கா முட்டிக்குடி!"

கூடப் பிறந்தவளுக்குச் செய்வதை வெறுங்கையோடு செய்யலாமா? பூ, பழம், வெற்றிலைபாக்கு, ஒரு புடவை எல்லாம் தட்டில் வைத்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் நான் நடந்த நடையில், "சார், உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது" என்றார் நர்ஸ். உள்ளே கூப்பிட்டதும் தட்டை டாக்டரம்மா மேஜையில் வைத்துவிட்டு, நேரே கட்டிலில் ஏறிப் படுத்துச் சட்டையைத் தூக்கினேன்.

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க டாக்டர்."

டாக்டரம்மா தட்டைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார். "முட்டி வலி யாருக்கு?"

"எனக்குத்தாங்க" என்றாள் அக்கா.

"அப்ப இவர் ஏன் படுத்திருக்காரு?"

விஷயத்தைச் சொன்னோம். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"அவங்கவங்க கொழுப்புலேர்ந்துதாங்க எடுப்பாங்க" என்றார் டாக்டரம்மா. "அதுவும் இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. நல்லாயிடும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். அம்மா முதல்ல தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எடையைக் குறைங்க. அடுத்த முட்டி உங்களோடதுதான்."

சட்டையை இறக்கினேன். ஆசை காட்டி ஏமாற்றிவிட்டேனே என்று அக்கா முகத்தைப் பார்க்கவே பயம். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"சரி விடுடா. புடவையையாவது குடு."

அன்றிலிருந்து விடாப்பிடியாக எக்சர்சைஸ் செய்தாள். வலி முழுசாகப் போகவில்லை. ஆனாலும் நடவன்று கைத்தடியோடு வரப்பில் இறங்கிவிட்டாள். நிலத்தை விடவில்லை. அந்தக் கைத்தடி இப்போது என் முட்டி வலிக்காக என்னிடம் இருக்கிறது. (டாக்டரம்மா வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.)

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில், பரிமாறுகிறவன் என் இலையில் இரண்டாவது கரண்டி அசோகாவைப் போட்டு, "அக்கா முட்டிக்கு!" என்பான். பந்தியே சிரிக்கும். அந்தக் கடைசியிலிருந்து அக்கா விறுவிறுவென்று வந்து என் இலையை மறிப்பாள்.

"போதும்டா, எனக்குத் தேவலையாயிடுச்சு!"