ராஜாளிக்கு ஓர் அறை

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற காட்டில், சிங்காரம் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தது. கல்யாண வயது. அந்தக் குலத்தில் மாப்பிள்ளைதான் கூடு கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெண் வந்து, உள்ளே நுழைந்து, பின்னிய நாரை இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால்தான் கல்யாணம். மழைக்காலம் முடிவதற்குள் ஒருத்தியாவது சரி என்று சொல்லாவிட்டால் அந்த வருஷம் பிரம்மச்சாரிதான்.

சிங்காரமும் பாவம், ஒழுங்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தது. பாதியில் ஒரு வி.ஆர். கண்ணாடியை வாங்கித் தொலைத்தது. அதை மாட்டிக்கொண்டால் விளையாட்டுக்குள்ளே குருவி ராஜாளி ஆகிவிடும், பருந்துகளையே துரத்தலாம். முதல் ஆட்டத்திலேயே சுவரில் முட்டி அலகு வீங்கிப்போனது.

கருவி மாட்டித்தருகிற குரங்கு அங்குசாமி வந்து கூட்டை எட்டிப் பார்த்தது.

"தம்பி, ரெண்டு றெக்கையையும் விரிச்சு ஒரு சுத்து சுத்தினா எதுவும் தட்டக்கூடாது. இது என்ன நடுவுல தடுப்பு?"

"அது முட்டை வைக்கிற அறைங்க."

"இப்ப யாராவது முட்டை வச்சிருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன? பிரிச்சுப் போடு."

பிரித்துப் போட்டது. உள்ளே அப்பியிருந்த களிமண் காலில் இடறுகிறதென்று அதையும் சுரண்டி எறிந்தது. கூடு கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. கல்யாணம்தான் நடக்கிற வழியாக இல்லை. வந்த பெண்களெல்லாம், "முட்டையை எங்க வைக்கிறது, உன் தலையிலயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கிளைக்குப் பறந்தன. பக்கத்துக் கூடுகளில் குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. அதைக் கேட்கக் கேட்க சிங்காரத்துக்கு அழுகையாக வந்தது.

மழை ஓயப்போகிற சமயத்தில் கடைசியாக மங்கையர்க்கரசி என்ற குருவி வந்தது. அது வாயைத் திறப்பதற்குள் சிங்காரம் கண்ணாடியை எடுத்து அதன் தலையில் மாட்டிவிட்டது.

மங்கையர்க்கரசி சிறகை விரித்தது. ஒரு சுற்று சுற்றியது. எதுவும் தட்டவில்லை. பிறந்ததிலிருந்து பருந்துக்குப் பயந்து இலைக்குப் பின்னால் ஒளிந்தே வளர்ந்த குருவி அது.

"ஐயோ, பருந்து என்னைப் பார்த்து ஓடுது! ஏய், நில்லு, எங்க ஓடுற?"

அதன் சந்தோஷத்தைப் பார்த்து சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்லக் கேட்டது: "வீடு பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுல ஒரு நார் மாத்தக்கூடாது."

"அப்ப முட்டை?"

"அதுக்குத் தனியா ஒண்ணு கட்டு. சீக்கிரம் கட்டு."

அன்றைக்கே கல்யாணம் முடிந்தது. சிங்காரம் தூறலில் நனைந்தபடி அடுத்த கிளையில் இன்னொரு கூடு பின்னத் தொடங்கியது. அந்தப் பக்கம் வந்த அங்குசாமி, "என்ன தம்பி, பொண்ணு எங்க?" என்று கேட்டது.

"விளையாடுதுங்க."

"நீ ஆடலையா?"

"அடுத்த ஆட்டம் எனக்குன்னு சொல்லியிருக்கு" என்றது சிங்காரம், வாயில் நாரோடு.

நீதி: விளையாட்டுச் சாமான் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்கும்; விளையாட்டுச் சாமான் கிடைக்காது.