உன் அக்காவின் காதுகள் குறித்து

அன்பும் பண்பும் நிறைந்தவள் என்று சென்ற மாதம் வரை நான் நம்பியிருந்த மைத்துனிக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், மூக்குக்கண்ணாடிக் கடை நலம், உன் அக்கா தேவைக்கு மேலேயே நலம். நீயும் உன் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

நீ வந்தாய், நன்றாகச் சாப்பிட்டாய், நன்றாகத் தூங்கினாய், அதோடு விட்டிருக்கலாம். ஊருக்குக் கிளம்பும் அன்று உன் அக்காவைத் தெருமுனைப் பார்லருக்கு இழுத்துப்போய், கல்யாணமான நாள் முதல் நான் பார்த்துப் பழகிய கொண்டையை, காதும் கழுத்தும் பளிச்சென்று தெரியும்படி கத்தரிக்க வைத்துவிட்டு நீ பாட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய். நான் அதைக் கவனிக்கவேயில்லை என்பது என் மேல் உள்ள குற்றச்சாட்டு. எப்படிக் கவனிப்பேன்? அன்றைக்குத்தான் ஒரு பெட்டி ஃப்ரேம் தப்பான அளவில் வந்து இறங்கியிருந்தது, என் தலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சாயங்காலம் பார்சல் கொண்டுவந்த ஆள் கடைக்குள் நுழைந்ததும் உன் அக்காவைப் பார்த்து, "மேடம், முடி வெட்டினீங்களா? சூப்பரா இருக்கு" என்றான். நான் நிமிர்ந்து பார்த்து, "எப்ப வெட்டினே?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று கேட்டு முடித்ததும் தெரிந்தது.

மறுநாள் காலை, நீ விட்டுப்போன அந்தச் சின்னக் காதணிப் பெட்டி திறந்தது. ஆரஞ்சு நிறம், வளையத்துக்குள் வளையம், டீ கப்பின் வாயளவு அகலம். இரண்டையும் மாட்டிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். "இது கண்ணுல படுதா? படலேன்னா சொல்லுங்க, மணி ஒண்ணு கட்டிக்கறேன்" என்றாள். "இவ்வளவு பெருசாவா?" என்றேன். "முடி குட்டையானா காதுலதான் பேச்சு இருக்கணும்னு தங்கச்சி சொன்னா" என்றாள். அம்மா தாயே, காது கேட்பதற்கு உள்ளது, பேசுவதற்கு இல்லை.

அது பேசியது. டெலிபோனை எடுத்தால் வளையம் ரிசீவரில் டொக் டொக்கென்று இடிக்கிறது, லென்ஸ் அனுப்புகிறவர், "யாரோ கதவைத் தட்டுறாங்க போல, பாருங்க, நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார், லென்ஸ் வந்தபாடில்லை. இதுவாவது போகட்டும். கண் பரிசோதிக்கும் அறையில் எழுத்துப் பலகையைச் சுவர்க் கண்ணாடியில் பார்க்க வைப்பேன் அல்லவா, ஒரு தையல்காரரை உட்கார வைத்து, "என்ன தெரியுது?" என்றேன். "ரெண்டு ஆரஞ்சு வட்டம் தெரியுதுங்க" என்றார். லென்ஸை மாற்றினேன். "இப்போ?" "இப்போ இன்னும் தெளிவா இருக்கு. லேசா ஆடுது." எனக்கு வியர்த்துவிட்டது. பயப்படாதீர்கள் என்று நானே பயந்த குரலில் சொல்லி, இன்றைக்கே பெரிய டாக்டரிடம் போகும்படி சீட்டு எழுதக் குனிந்தபோது, பின்னாலிருந்து, "என்னங்க, டீ வெச்சிருக்கேன்" என்று கேட்டது. திரும்பினால் திரையை விலக்கிக்கொண்டு உன் அக்கா, இரண்டு வட்டங்களோடு. அந்த மனிதர் எழுந்து போனவர் போனவர்தான்.

இதற்கெல்லாம் சிகரம் அளவுகோல் டீச்சர் விவகாரம். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கதவு கோணலாக இருந்தால்கூட நின்று புகார் சொல்லிவிட்டுப் போகிறவர், அதனால் அந்தப் பெயர். கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். கம்பி காதில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க உன் அக்கா குனிந்தாள், நிமிர முடியவில்லை. சங்கிலி வளையத்துக்குள் புகுந்து, உள்வளையத்தைச் சுற்றி, கண்ணாடிக் கம்பியோடு சிக்கிக்கொண்டது. இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம். "யாரும் இழுக்காதீங்க!" என்று டீச்சர் கத்தினார். "எது யார் காதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க!" நான் திருப்புளியோடு ஓடி, பதற்றத்தில் வேறு திருகைக் கழற்ற, லென்ஸ் கீழே விழ, அதை நானே மிதித்தேன். புகார் வரப்போகிறது, கடைக்குப் பூட்டுதான் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அந்த நிலையிலேயே டீச்சர் மெதுவாக, "இந்த முடி எங்க வெட்டினீங்க?" என்கிறார்.

"தெருமுனைலதான் டீச்சர்."

"எனக்கு நல்லா இருக்குமா?"

"உங்க தாடைக்கு எடுப்பா இருக்கும். ஆனா இந்தப் பொட்டுத் தோடு வேண்டாம், முகம் வெறிச்சுனு ஆயிடும். நீளமா, நல்ல கலரா போடுங்க."

நடுவில் திருப்புளியோடு நான் ஒருவன் நிற்பது இருவருக்குமே நினைவில் இல்லை.

அதன் பிறகு நடப்பதுதான் தாங்க முடியவில்லை. டீச்சர் முடியை வெட்டிக்கொண்டு, நீலத்தில் இலை இலையாகத் தொங்கும் காதணியோடு வந்தார். பார்லர்க்காரம்மா தன்னிடம் வெட்டிக்கொண்டவர்களை நேரே இங்கே அனுப்புகிறாள், கண்ணாடிக் கடை ஆயிற்றே, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் தெரியும். ஒவ்வொருத்தியும் காதைக் காட்ட, உன் அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்து, "உங்களுக்கு வட்டம் வேண்டாம், கோணமா போடுங்க" என்று தீர்ப்புச் சொல்கிறாள். போகிறபோக்கில் அவர்கள் ஃப்ரேமும் வாங்குகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் இதை எடுக்கட்டுமா அதை எடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது எதையும் கேட்பதில்லை. என் கடையில் நானே வாடிக்கையாளன் மாதிரி ஓரமாக நிற்கிறேன். ஆரம்பித்தவள் நீ, நீயே வந்து முடித்து வை. முடியை வளர்க்கச் சொல், பழைய தோட்டைப் போடச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், அவர் எப்படித்தான் சமாளிக்கிறாரோ. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கும் பாதி ஆசி, மீதி நீ வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அத்தான்

பின்குறிப்பு: எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. பக்கத்து அறையில் அவள் இருந்ததை மறந்துவிட்டேன். நேற்று எழுதியதை எல்லாம் கேட்டிருக்கிறாள். இன்று காலை பழைய தோட்டோடு கடைக்கு வந்து, "இந்த ஃப்ரேமை எடுக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். நான் கேட்டதெல்லாம் அதுதான், ஆனால் கிடைத்ததும் எனக்கே பிடிக்கவில்லை. மதியமே கடையைச் சாத்திவிட்டுக் காதணிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண், "அவங்க முகம் எப்படி சார்?" என்று கேட்டாள். தாடை இப்படி, கழுத்து இப்படி, இடது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மச்சம், சிரித்தால் காது மேலே ஏறும் என்று நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சிவப்பில் தட்டுத் தட்டாகத் தொங்கும் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். "இவ்வளவு பெருசாவா?" என்று அவளே கேட்டுவிட்டாள், கேட்டுக்கொண்டே மாட்டிக்கொண்டாள். ஆகவே நீ புத்தி சொல்ல வர வேண்டாம். பார்க்க வா.