தாத்தாவுக்கு ஒரு கோட்டு

அருப்புக்கோட்டையில் யார் மானத்தையும் அரை நிமிஷத்தில் வாங்கக்கூடிய மனிதர் ஒருவர்தான்: படங்களுக்குப் பிரேம் போடும் பித்தான் அண்ணாச்சி. பழைய போட்டோவை நீட்டினால் முகத்தைப் பார்க்க மாட்டார். பூதக்கண்ணாடியை வைத்துச் சட்டைப் பித்தானைத்தான் முதலில் பார்ப்பார். பெயர் அப்படி வந்தது.

பாலவனத்தத்துக்காரர் ஒருவர், "எங்க தாத்தா. அந்தக் காலத்துலயே கோட்டு போட்டவுக" என்று மீசையை நீவிக்கொண்டே ஒரு படத்தைக் கொடுத்தார்.

"ஸ்டுடியோ கோட்டுங்க. இதையே ஒம்பது பேரு மேல பாத்துட்டேன். ரெண்டாவது பித்தான் இருக்காது. காலைப் பாருங்க, அஞ்சு வெரலும் அஞ்சு தெசையில நிக்குது. செருப்பே காணாத காலு."

வந்தவர் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் அப்பாவும் போனார். அக்காவைப் பெண் பார்க்கத் திருச்சுழியிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. வீட்டிலிருந்த தாத்தா படமோ, நிலக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தாத்தா வெற்று உடம்போடு, துண்டை இடுப்பில் கட்டிப் பக்கத்தில் நிற்கிற படம். நிலக்காரர் முன்னால் துண்டைத் தோளில் போடக் கூடாது என்றிருந்த காலம் அது.

"அய்யாவ மட்டும் வெட்டியெடுத்து, கம்ப்யூட்டர்ல ஒரு கோட்டு மாட்டிவிட்ருங்க அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வாரேன்."

கொண்டுவந்தார், மாப்பிள்ளை வீட்டார் கையில் காபி டம்ளரோடு இருந்த நேரமாகப் பார்த்து. சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்தார். கோட்டும் இல்லை, நிலக்காரரும் வெட்டுப்படவில்லை. பெரிதாக்கிய படத்தில் இடுப்புத் துண்டுதான் பளிச்சென்று தெரிந்தது. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னங்க இது?" மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணோட தாத்தா. கோட்டு மாட்டச் சொன்னாக, நான் மாட்டல. இவுக பேத்தி இன்னைக்கு காலேசுல பாடம் நடத்துது. கோட்டைப் போட்டு மூடிட்டா, அம்புட்டுத் தூரம் ஏறி வந்தது எப்படிங்க தெரியும்?"

மாப்பிள்ளை எழுந்து வந்து படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஹால்ல மாட்டுங்க மாமா" என்றார் அப்பாவிடம். "கல்யாணத்துக்கு வாரவுக பாக்கட்டும்."

அப்பா கோபத்தில் ஆறு மாதம் அண்ணாச்சியோடு பேசவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையை முதலில் கொடுத்தது அவருக்குத்தான்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சிக்கு இப்போது கை நடுங்குகிறது. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். தோள் கிழிந்த பனியனோடு விறைப்பாக நின்றார். வீட்டுக்கு வந்து செல்போனில் அதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அவருக்கு மட்டும் ஒரு நல்ல சட்டை மாட்டிவிடலாமா என்றிருந்தது.