சாக்ஸ் போட்ட பாட்டில்கள்

என் மூக்கு செத்துப்போன விஷயத்தை உயிரே போனாலும் வெளியே சொல்வதில்லை என்று ஒரு காலை வேளையில், கையில் காபியோடு, முடிவெடுத்தேன். காபி என்று நிறத்தை வைத்துத்தான் சொல்கிறேன். வாயில் அது வெந்நீர்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகாமல் மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ரொட்டி பஞ்சு. முட்டை ரப்பர். ஆரஞ்சுப் பழம் ஈரத்துணி. மழை பெய்தால் மண் வாசனை இல்லை. மனைவி குளித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவள் வாசனையும் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சோப்பை மூக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, ஒன்றும் வராமல் அழுதிருக்கிறேன்.

ஊருக்குச் சொல்லிவிடலாம். மனைவிக்கு எப்படிச் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலுக்கு நான்தான் பரிசோதனை அதிகாரி. உப்பு ஒரு கல் கம்மி, மிளகு ஒரு சிட்டிகை அதிகம் என்று சொல்லிச் சொல்லியே இந்த வீட்டில் ஒரு பதவியைப் பிடித்து வைத்திருந்தேன். மற்ற இலாகா எல்லாம் அவள் கையில். இதுவும் போனால் நான் வெறும் விருந்தாளி. நண்பர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'நாக்கு'. பெயருக்குக் காரணமான சாமானே வேலை செய்யவில்லை என்றால் என்ன மரியாதை?

அதனால் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எதைப் போட்டாலும் பாராட்டினேன்.

"சூப் எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"உப்பு?"

"அளவா இருக்கு."

"மிளகு?"

"அதுவும் அளவா இருக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துட்டு வரலாமா?"

"பாராட்டினா டாக்டரா? நல்ல குடும்பம்."

இந்த லட்சணத்தில் ஒயின் விருந்து வந்து சேர்ந்தது. வக்கீல், வங்கி கேஷியர், நான் என்று மூன்று குடும்பமும் வருஷத்துக்கு ஒரு தடவை யார் வீட்டுத் தோட்டத்திலாவது கூடி ஒயின் ருசி பார்ப்போம். பாட்டில்களை லேபிள் தெரியாமல் மூடி வைத்திருப்பார்கள். நான் ஒரு வாய் உறிஞ்சி, எது எந்த ஒயின் என்று சொல்ல வேண்டும். சொல்வேன். கைதட்டுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் நான் மனுஷன். இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை.

பாட்டிலை மூடுகிற பொறுப்பு என்னுடையது என்று முந்திக்கொண்டேன். நாலு பாட்டில், நாலும் சிவப்பு. என்னுடைய சாக்ஸில் நாலு நிறத்தை எடுத்து மாட்டினேன். வயதான ஒயினுக்குப் பழுப்பு. இளசுக்குப் பச்சை. துவர்ப்புக்குக் கறுப்பு. இனிப்புக்கு நீலம். பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஷேவ் பண்ணும்போதும் முணுமுணுத்தேன். செத்த மூக்குக்குப் பதிலாகக் கண் வேலை பார்க்கும். யாருக்குத் தெரியப்போகிறது?

"என்னங்க இது, பாட்டிலுக்குச் சாக்ஸ் மாட்டி வெச்சிருக்கீங்க?"

"அதுதான் முறை. பெரிய இடத்துல எல்லாம் அப்படித்தான் மாட்டுவாங்க."

"பெரிய இடத்துல துவைச்சு மாட்டுவாங்களா, போட்டுக் கழட்டினதையே மாட்டுவாங்களா?"

"இது சுத்தமாத்தான் இருக்கு."

"மோந்து பாத்தீங்களா?"

முகர்ந்து பார்த்தேன். "ஒரு வாசனையும் இல்லையே," என்றேன். நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

விருந்தன்று வானம் மூடிக் கிடந்தது. தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் வாடிப்போன நாலு ரோஜாச் செடி. அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வக்கீல் குடும்பமும் கேஷியர் குடும்பமும் உட்கார்ந்திருந்தார்கள். கூடவே தெரியாத ஆள் ஒருவர்.

"எங்க அண்ணனோட சிநேகிதர். ஒயின் வியாபாரம் பண்றார்," என்றாள் மனைவி. "உங்களைப் பத்திச் சொன்னேன். பாத்தே ஆகணும்னு வந்துட்டார்."

வியாபாரி முன்னால் என் புளுகு எடுபடுமா? ஆனாலும் சாக்ஸ் இருக்கிறது. பழுப்பை எடுத்து ஊற்றினேன்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் வியாபாரி. "இடது மூக்கை மூடிக்கிட்டு வலதால இழுங்க."

"அப்படியா பாப்பாங்க?"

"நாங்க அப்படித்தான் பாப்போம்."

இழுத்தேன். பிறகு வலதை மூடி இடதால் இழுத்தேன். அண்ணாந்து பார்க்கச் சொன்னார், பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்து அடித்தார்.

"டார்ச் எதுக்கு?"

"நாக்குல நிறம் எப்படி ஒட்டுதுன்னு பாக்கணும்."

தொழில்காரர் தொழில்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன். "இது வயசான ஒயின்," என்று அறிவித்தேன். "மரப்பீப்பாய் வாசனை. பின்னாடியே லேசா ஒரு கிராம்பு." பச்சைக்கு இளசு என்றேன். கறுப்புக்குத் துவர்ப்பு என்று முகத்தைச் சுளித்தேன். நீலத்துக்கு இனிப்பு என்று கண்ணை மூடிச் சிரித்தேன். கடைசியில் வியாபாரி தன் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அதுவும் சிவப்பு. சாக்ஸ் இல்லாததால் பொதுவாகப் புகழ்ந்தேன்.

"ராஜாக்கள் குடிக்கிறது. இதுக்கு மேல ஒயின் கிடையாது."

வக்கீல் எழுந்து சாக்ஸைக் கழற்றினார். பழுப்புக்குள் இனிப்பு. பச்சைக்குள் துவர்ப்பு. கறுப்புக்குள் வயதானது. நீலத்துக்குள் இளசு. நாலும் தப்பு. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால்கூட ஒன்றாவது தேறியிருக்கும்.

யாரும் கைதட்டவில்லை. "என்னப்பா நாக்கு," என்று தொடங்கிய கேஷியர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அது கேலியைவிட மோசமாக இருந்தது. எல்லார் முன்னாலும் மூக்கறுபட்டேன். பிரயோஜனமில்லாத மூக்குதான், ஆனாலும் வலித்தது.

"சாக்ஸைத் தொட்டியா?" என்று மனைவியின் காதில் கேட்டேன்.

"காலையில கழட்டித் துவைச்சு, காயவெச்சு மாட்டினேன். நாலு பேர் கை படுற பாட்டில். ஏன், எதுக்கு எதுன்னு கணக்கு இருந்துச்சா?"

அவள் முகத்தில் பால் வடிந்தது.

"இவர் கொண்டுவந்ததையாவது சரியாச் சொன்னேனே," என்று வியாபாரியைக் காட்டினேன்.

"அது பீட்ரூட் வேகவெச்ச தண்ணி சார்," என்றார் அவர் வருத்தத்தோடு. "நான் மூக்கு டாக்டர்."

உட்கார்ந்துவிட்டேன். மனைவி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் சமையல் நல்லாயிருக்குன்னு சொன்னப்போ முதல்ல சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் சந்தேகம் வந்துச்சு. ஒருநாள் உப்பே போடாம வெச்சேன், இன்னொரு கிண்ணம் கேட்டீங்க. அதுகூடப் பரவாயில்லை. அன்னைக்குப் பால் தீஞ்சு பாத்திரம் கருகுது, நீங்க முதுகைக் காட்டி உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. நாளைக்கு கேஸ் கசிஞ்சா?" அவள் குரல் உடைந்தது. "டாக்டர்கிட்ட வாங்கன்னா வர மாட்டீங்க. அதான் டாக்டரை வரவெச்சேன்."

இத்தனை நாள் தனியாக அழுதது எவ்வளவு முட்டாள்தனம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்பட ஒண்ணுமில்லைம்மா," என்றார் டாக்டர். "காய்ச்சல் பண்ணின வேலை. இப்பவே வைத்தியத்தை ஆரம்பிச்சா சீக்கிரம் பழையபடி ஆயிடுவார். உப்பு, மிளகு எல்லாம் சுத்தமாக் கண்டுபிடிச்சுச் சொல்வார்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"இல்லவே இல்லை."

"அப்போ மெதுவாவே பண்ணுங்க," என்றாள்.